கடைசி இருபது நிமிடத்துக்கான கால்கள்

தொம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தொம். உதைபந்தாட்டக்காரருக்குப் பாரம் தூக்கப் பழக்குகிற தொழிலில், ஆளைக் காண முன்னமே சத்தம் கேட்டுவிடும். சண்டைக் காலத்து மன்னாரில் அந்தச் சத்தத்துக்கு ஊர் வேறு அர்த்தம் வைத்திருந்தது. சம்பளம் இல்லாமல் ஒரு கழகத்தைக் கட்டி இழுத்தவர்கள் உங்களில் இருந்தால், மிச்சத்தை நான் சொல்லவே தேவையில்லை. என்றாலும் சொல்கிறேன். என்னைப்போல ஐஸ் பக்டரியில் இரவு வேலை பார்த்தவனுக்குப் பகலிலும் நித்திரை வராது.

சொல்லாமல் விழுவது

மன்னார்த் தீவுத் தோட்டவெளியில் எங்கள் கழகம் எந்த ஆட்டத்தையும் நன்றாகத்தான் தொடங்கும். கடைசி இருபது நிமிடத்தில் கால் செத்துப்போகும். அதற்காகத்தான், போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே, கழகக் கொட்டிலின் பின்னால் பலப் பயிற்சி தொடங்கினேன். நான் படித்துப் பெற்ற வித்தையல்ல. ஐஸ் கட்டிகளைத் தூக்கித் தூக்கி, எப்படிக் குனிந்தால் இடுப்பில் நாரி பிடிக்கும், எப்படிக் குனிந்தால் பிடிக்காது என்று என் உடம்பே எனக்குச் சொல்லித் தந்தது. பழுதான டிராக்டரின் அச்சு ஒன்று, அதன் இரண்டு பக்கமும் வள்ள என்ஜினில் கழற்றிய இரும்புச் சில்லுகள். எங்கள் சாமான் அவ்வளவுதான்.

முதல் நாள் எங்கள் பெடியன் சிவா அதைத் தூக்கி, தாங்கமாட்டாமல் கீழே போட்டான். அடுத்த வளவுப் பிலோமினாக்கா மீன் சட்டியோடு பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார். ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். அவர் உள்ளே நின்றபடியே சட்டியை என்னிடம் நீட்டினார். "தம்பி, ஷெல் எண்டாலும் விழ முன்னம் கூவும். உம்மட சாமான் ஒண்டும் சொல்லாம எல்லோ விழுது!"

கறிக்கு மீன்

சிவா எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். மலைநாட்டிலிருந்து வந்து நறுவிலிக்குளத்தில் குடியேறி, வயல் கூலிக்குப் போன குடும்பம். சண்டை அங்கிருந்தும் கிளப்ப, தாயும் மகனுமாகத் தீவுக்கு வந்துவிட்டார்கள். கொழும்புக் கொம்பனி ஒன்றின் அணிக்கு ஆள் பிடிக்கிறவர், இறுதியாட்டம் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். முழு ஆட்டமும் ஓடக்கூடியவன் என்று கண்டால் சிவாவுக்கு அங்கே வேலை, இருக்க இடம், எல்லாம். மற்றவர்கள் கோப்பைக்காக விளையாடினார்கள். அவன் கொழும்புப் பஸ்ஸில் ஏறுவதற்காக விளையாடினான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லாரையும் பாரத்தோடு குந்தி எழும்பவிட்டேன். ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து ஆட்டம். பாதிக்கு முன்னமே எல்லாரும் தென்னங்குற்றி மாதிரி நின்றார்கள். விசாரித்தேன். ஞாயிறு எங்கள் ஆட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். அதற்கும் சேர்த்து சனி விடியற்காலை இரண்டு தரம் கரைவலை வளைத்து, கரையில் நின்று கயிறு பிடித்து இழுப்பார்களாம். எங்கள் அணி முழுக்க அந்தக் கயிற்றில் நின்றிருக்கிறது. "ஏனடா எனக்குச் சொல்லேல்ல?" என்றால், "அது வேலை எல்லோ மாஸ்டர், பயிற்சியே?" என்கிறார்கள்.

வலைச் சொந்தக்காரச் சம்மாட்டியிடம் போய், சனிக்கிழமைகளில் பெடியளை விடுங்கோ என்று கேட்டேன். அவர் சுருட்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் இரும்பைத் தூக்க விடுறீங்கள், நான் கயிற்றை இழுக்க விடுறன். என்ர பயிற்சியில கறிக்கு மீனாவது கிடைக்குது, மாஸ்டர்."

எங்களுக்கு மெட்ச் இல்லை

போட்டிக் காலத்தில் புதிதாகப் பலம் சேர்க்க நினைப்பது மடைத்தனம். இருப்பதை மரத்தூள் போட்டு மூடி, உருகாமல் வைத்திருந்தால் போதும். ஐஸில் வேலை செய்கிறவனுக்கே இது பிந்தித்தான் விளங்கியது. அதன்பிறகு வலை இழுக்கும் நாளில் காலுக்குப் பாரம் கிடையாது. கிழமையில் ஒரு நாள் மட்டும், கனமாக, சில தடவை. இரும்பையும் விட்டுவிட்டு, சத்தம் வராத மண் மூட்டைக்கு மாறினோம்.

மண் மூட்டையை வரிசையாக அடுக்கினால் ஆமி வரும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. இரண்டு பேர் வந்தார்கள். "மொகத மே? பங்கரா?" என்றான் மூத்தவன். இது என்ன, பதுங்குகுழியா என்று கேட்கிறான் என்பது விளங்கியது. எங்கள் சிங்களம் அதற்குமேல் போகாது. சிவா ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக் குந்தி எழும்பிக் காட்டினான். இளையவன் துவக்கை மற்றவனிடம் கொடுத்தான். தானும் ஒன்றைத் தோளில் ஏற்றி, லேசாகக் குந்தி எழும்பி, எடுத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்தான். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, தெரிந்த தமிழில் சொன்னான்: "நாங்க ஒவ்வொரு நாளும் இது தூக்கிறது. எங்களுக்கு மெட்ச் இல்ல."

பழக்கக் கூடாதது

அரையிறுதிக்கு முன்னம் நேவிக்காரர் கடலை மூடிவிட்டார்கள். ஒரு வள்ளமும் இறங்கக் கூடாது, கரைவலையும் கூடாது. ஐஸ் வாங்க ஆளில்லாமல் பக்டரியும் பாதிதான் ஓடியது. கயிறு இழுக்காததால் பெடியளுக்குத் தோள் மெலிந்தது. மீன் இல்லாததால் முகமும் மெலிந்தது. மூட்டைகளில் மண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன். அரையிறுதியை எப்படியோ வென்றோம்.

சிவா மட்டும் மண்ணைக் குறைக்க விடவில்லை. பயிற்சி முடிந்து போய் வீட்டில் சட்டி பானையெல்லாம் திறந்து பார்ப்பானாம். ஒருநாள் அவனுடைய தாய் கொட்டிலடிக்கு வந்தார். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழும்பி நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மாஸ்டர், நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க. ஆனா புள்ளைக்குப் பசி எடுக்கிற மாதிரி எதையும் பழக்காதீங்க."

வெள்ளைச் சட்டைக்காரர்

இறுதியாட்டத்தன்று மைதானத்து ஓரத்தில் கொழும்பு ஆளுக்கென்று ஒரு கதிரை போட்டிருந்தோம். ஆட்டம் தொடங்கியபின் ஒருவர் வந்து அதற்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. சிவா ஒருதரம் அவரைப் பார்த்தான். பிறகு நடந்ததை இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. கடைசி இருபது நிமிடத்தில் மற்ற இருபத்தொரு பேரும் நடந்தார்கள். அவன் ஒருவன் ஓடினான். இரண்டு கோல். இரண்டாவதைப் போடும்போது அவனைத் தடுக்க வந்தவன் களைத்து நிலத்தில் குந்தியே விட்டான்.

விசில் ஊதியதும் சிவா கோப்பையைப் பார்க்கவில்லை. நேரே அந்த மனிதரிடம் போய், நெஞ்சில் கைகட்டி நின்றான். கொழும்புப் பாதையைக் காலையிலேயே மூடிவிட்டார்கள் என்ற கதை எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவர் குழம்பிப்போய்ச் சிவாவின் தோளில் தட்டினார். "நல்லா விளையாடினீர் தம்பி. நான் நானாட்டான் கந்தோரில கிளாக்கர். பஸ் இல்லாததால நிண்டு பாத்தனான்."

மற்றக் கரை

அந்தக் கொம்பனியிலிருந்து பிறகு ஒரு கதையும் வரவில்லை. ஒரு ஞாயிறு சிவா பூசை முடிகிற நேரம் வந்து, வேட்டைப்பல் தெரியச் சிரித்து, "வாறன் மாஸ்டர்" என்றான். பின்னேரப் பயிற்சிக்குத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை நடுவில் கிணற்றடியில் அணியின் காலுறைகளைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வள்ளக்காரன் அருளப்பு வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தான். ஆட்களை இந்தியாவுக்கு ஏற்றிப் போகிறவன் அவன் என்பது ஊருக்கே தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். சிவாவும் தாயும் அக்கரையில் இறங்கிவிட்டார்கள் என்றான். பாதிக் கடலில் என்ஜின் நின்றுவிட, தண்டு என்கிற துடுப்பை வலித்துத்தான் போனார்களாம். வள்ளத்தில் முழுக்கப் பெண்களும் குழந்தைகளும். பிறகு அருளப்பு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் ரண்டு தரம் தண்டை விட்டிட்டன், மாஸ்டர். அவன் அக்கரைப் பக்கத்து மணல் தீடை காணுமட்டும் விடேல்ல. அப்பிடி ஒருத்தன் வலிச்சதை நான் காணேல்ல."

உடம்பைக் கடைசிவரைக்கும் தாங்கப் பழக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடைசி எந்தக் கரையில் வரவேண்டும் என்று எந்தப் பயிற்றுநரையும் கேட்டு ஒருவரும் முடிவுசெய்வதில்லை. அருளப்பு போனபின் வாளியை மறுபடி கிணற்றில் இறக்கி, மிச்சக் காலுறைகளை அலம்பிப் பிழிந்து, சோடி சோடியாகக் கொடியில் போட்டேன்.