விடுதிக்குப் பின்னால் சம்புப்புல்

நெளுக்குளத்தில் எங்கள் பள்ளிக்கூட விடுதிக்கு நான்தான் பொறுப்பாசிரியை. குசினியிலும் குளியலறையிலும் இருந்து போகும் அழுக்குத் தண்ணீர் முன்பெல்லாம் வேலிக்கு வெளியே ஓடி, பக்கத்து வளவு அக்காவின் கிணற்றடியில் தேங்கி நாறும். குடிக்கவும் சமைக்கவும் அவருக்கு அந்தக் கிணறுதான். வேலிக்கு மேலால் அவர் என்னைத் திட்டாத நாள் குறைவு. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் நானும் வாய் திறப்பதில்லை.

பிறகு பள்ளிக்கூடத்தார் நீளமாக ஒரு கிடங்கு வெட்டி, சல்லிக்கல் நிரப்பி, அதற்குள் நீர்க்கரையில் வளரும் சம்புப்புல் நட்டார்கள். கல்லிலும் வேரிலும் அழுக்குத் தங்கிவிட, மறுபக்கத்தால் தெளிந்த தண்ணீர் வாழைகளுக்குப் போனது. மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நாற்றம் நின்றது. அக்காவும் திட்டுவதை நிறுத்தினார்.

விளையாட்டுப் போட்டிக்கு முன் பெற்றோரும் அயலவரும் சிரமதானத் துப்புரவு வேலைக்கு வந்தார்கள். எல்லாரும் வயல் செய்கிறவர்கள். வயலில் களையாக வரும் சம்பைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இருக்காது. அந்தப் புல்தான் தண்ணீரைத் தெளிவிக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் மைதானத்தில் கோடு போடுவித்துவிட்டுத் திரும்பி வந்தபோது கிடங்கு மொட்டையாகக் கிடந்தது. கிழங்குவரை மண்வெட்டியால் கிளறி, கல்லோடு மண்ணையும் கலந்து, மேலே விளக்குமாற்றால் கூட்டியும் விட்டிருந்தார்கள். முன்னுக்கு நின்றது அக்காதான்.

“பாம்பு கிடக்கும் ரீச்சர். ஒண்டும் விடாமல் பிடுங்கிப் போட்டம். இப்ப பாருங்கோ, என்ன வடிவெண்டு!”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெயிலில் நின்று வேலை செய்தவர்களிடம் என்னத்தைக் கத்துவது? தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மண் அடைத்த கிடங்கு தண்ணீரை உள்ளே விடவில்லை. அடுத்த மழைக்கு எல்லாம் பொங்கி, பழைய வழியாலேயே போய் அக்காவின் கிணற்றுக்குள் இறங்கியது.

அவர் திட்ட வரவில்லை. நாங்கள் கல்லைக் கழுவித் திரும்பப் போட்டபோது, தன் வயல் வாய்க்காலில் இருந்து சம்புக் கிழங்கு கொண்டுவந்து தானே நட்டார்.

“இதைக் குனிஞ்சு பிடுங்கிப் பிடுங்கியே என்ர நாரி முறிஞ்சது. இப்ப நட வேண்டிக் கிடக்கு,” என்றார்.

புல் நன்றாகத் தழைத்துவிட்டது. கிணற்றை இறைத்து குளோரினும் போட்டாயிற்று. நேற்று வேலியடியில் அவரைக் கண்டு, “அக்கா, தண்ணி இப்ப எப்பிடி?” என்று கேட்டேன்.

“நல்ல தண்ணிதான். ஆடு குடிக்குது.”

“நீங்கள்?”

அவர் வெறும் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்திக் குழாயடிக்குப் போனார்.