நாய்க்கும் ஒருசந்தி

எங்கள் நைனாவைக் கட்டிலிலிருந்து எழுப்பியது ஒரு நாய். அம்மா மாதா கோவிலில் பொருத்தனை வைத்துக் கும்பிட்ட சம்மனசுகளும் இல்லை, ஆஸ்பத்திரி மாத்திரையும் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்றும் கோபம் வரும். வரட்டும்.

அறுபதுகளின் நடுவில் என் அண்ணன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவனைப் புதைத்துவிட்டு வந்து படுத்த நைனா அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. செஞ்சி மல்லாட்டை மில்லில் கடலை மூட்டை தூக்கிய மனுஷன், கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தார். குளிப்பதில்லை, பேசுவதில்லை, கஞ்சியை நீட்டினால் இரண்டு வாய். கால் வீங்கிப்போனது. வந்து பார்த்த டாக்டர், பிரஷர் ஏறிக் கிடக்கிறது, இப்படியே படுத்திருந்தால் ஆள் தங்காது, நடக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நடக்க வைப்பதாம்! அந்த உடம்பை உட்காரவைப்பதற்கே அம்மாவும் நானும் படாத பாடு பட்டோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போனவர் ஒரு செவலை நாய்க்குட்டியைத் தூக்கிவந்து கட்டில் காலில் கட்டினார். "இருக்குற தரித்திரம் போதாதா?" என்று அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் விடியும்போதே குட்டி வெளியே போக வேண்டுமென்று கத்திக் கட்டிலையே ஆட்டியது.

"டேய், சும்மா கெடடா" என்றார் நைனா.

அண்ணன் போன பிறகு அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. அண்ணனையும் அவர் டேய் என்றுதான் கூப்பிடுவார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். குட்டி அடங்கவில்லை. நைனா சுவரைப் பிடித்து எழுந்து, கயிற்றை அவிழ்த்து, அதைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் தெருமுனை. அப்புறம் பஜார். குட்டி வளர்ந்து நாயானபோது இரண்டு பேரும் தினமும் கோட்டை மதில் வரைக்கும் போய்வந்தார்கள். கால் வீக்கம் வடிந்தது. ராத்திரியில் தூங்கினார். "கொழம்பு மீதி இருக்குதா?" என்று அவராகவே கேட்டார். அதைவிடப் பெரிய விஷயம், மனுஷர்கள் திரும்பி வந்தார்கள். செத்த பிள்ளையைப் பற்றி என்ன கேட்பது என்று தெரியாமல் அவரைக் கண்டதும் ஒதுங்கியவர்கள், இப்போது நாயைச் சாக்கு வைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். "இன்னா, இன்னிக்கு மாப்ள மந்தமா வர்றான்?" என்பார் பஜாரில் ஒரு செட்டியார். நைனாவும் பதிலுக்கு வாயாடுவார். கறிக்கடையில் நின்று சவ்வும் எலும்பும் வாங்கி இலையில் மடித்துக்கொண்டு வருவார். மில்லுக்கும் திரும்பப் போக ஆரம்பித்தார்.

அந்த நிலைமையில்தான் நாற்பது நாள் தபசுகாலம் வந்தது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் எங்கள் வீட்டில் கவுச்சி ஏறாது. அந்த வருஷம் அம்மா ஒருபடி மேலே போனாள்.

"புள்ள மோட்சத்துக்குப் போவாம உத்தரிக்கிற ஸ்தலத்துல வேகறான். இந்த ஊட்டுல மூச்சு உடற எதுவும் கவுச்சி தொடக்கூடாது. நாயும்தான்."

நைனா சிரித்திருக்கலாம். மற்ற விஷயத்தில் என்றால் சிரித்துத்தான் இருப்பார். பிள்ளையின் ஆத்துமம் என்றதும் தலையை ஆட்டிவிட்டார். கறிக்கடை வந்தால் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தார். நாய்க்குக் கேழ்வரகுக் கூழும் மோரும். முதலில் முகர்ந்துவிட்டு நகர்ந்தது, பிறகு நக்கிக் குடித்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நாங்களும் ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்திதானே இருக்கிறோம் என்று எல்லோரும் நினைத்தோம். நாய்க்கு என்ன தெரியும் உத்தரிக்கிற ஸ்தலமும் மோட்சமும்?

வல்லம் பக்கம் ஒருவரை வெறிநாய் கடித்துவிட்டது என்று தண்டோரா போட்டார்கள். தெருநாய்களுக்கு விஷம் வைப்பார்கள், வளர்க்கிறவர்கள் கட்டிவையுங்கள் என்று. "ரெண்டு நாளைக்குக் கூட்டிம்போவாதீங்க" என்றாள் அம்மா.

"நம்ம பய தெருவுல வாய் வெக்கமாட்டான்" என்றார் நைனா.

அவர் சொன்னது பொய்யில்லை. வயிறு நிறைய எலும்பு தின்ற காலத்தில் அது தெருவில் கிடந்ததை மோந்துகூடப் பார்த்ததில்லை.

கோட்டைக்குப் போகிற வழியில் புளியமரத்தடியில் ஒரு துண்டு கறி கிடந்திருக்கிறது; நாய் பாய்ந்து கவ்விவிட்டது. நைனா ஓடிப்போய் அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுத் தோண்டியும் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாந்தி எடுக்கட்டுமென்று புளியைக் கரைத்து ஊற்றினோம். அது கால்களை விறைத்துக்கொண்டு முற்றத்தில் துடித்ததை நான் பார்த்தேன். இப்போதும் எனக்குப் புளிக்கரைசல் வாசனை ஆவதில்லை. நைனா அதன் தலையை மடியில் வைத்திருந்தார். அடங்கினதும், "பசிடீ. பசியிலதான் துன்னுட்டான்" என்று அம்மாவிடம் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

குழி தோண்டி மூடிவிட்டு வந்து கட்டிலில் படுத்தார். மாமா இன்னொரு குட்டி கொண்டுவந்தார். அதுவும் கத்தியது, கட்டிலை ஆட்டியது. நைனா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டோம். கால் மறுபடியும் வீங்கி, வயிறும் வீங்கியது. அடுத்த தபசு தொடங்கும்போது டாக்டர் கையை விரித்துவிட்டார். இனி ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார்.

தபசின் முதல் நாள், சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோவிலிலிருந்து வந்த அன்றைக்கே அம்மா என்னைக் கறிக்கடைக்கு அனுப்பினாள். கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் எங்கள் வேதக்காரர் தெரு முழுக்கக் கறிக்குழம்பு மணத்தது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா கதவைச் சாத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து நீட்டினாள்.

"பாவம் என் தலையோட போவட்டும். ரெண்டு வாய் துன்னுங்க."

நைனா தட்டைப் பார்த்தார்.

"எலும்ப அவனுக்குப் போட்டியா?"

நெற்றிச் சாம்பல்கூட அழியாத அம்மா சொன்னாள்: "போட்டுட்டேங்க. துன்னுட்டுப் படுத்துருக்கான்."

அதற்குப் பிறகுதான் நைனா சோற்றுக்கு வாயைத் திறந்தார்.