ராக்கு கிணற்றில் கண்ட பச்சை

1984-இல் பொட்டிபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் துளை போட வந்தவர்கள் ராக்குவை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நாற்பது வயது. புருஷன் இல்லை. துளையிலிருந்து அரை மைல் தள்ளி ஒரு கிணறும் கொஞ்சம் நிலமும் உண்டு. மெஷின் பூமிக்குள்ளிருந்து உருவித் தரும் பாறைத் துண்டுகளைக் கழுவி, மரப்பெட்டியில் வரிசை மாறாமல் அடுக்க வேண்டும்.

தங்கம் தேடுகிறார்கள் என்றது ஊர். அணை என்றார்கள் சிலர். அவள் ஆபீசர் ராஜாராமிடமே கேட்டுவிட்டாள்.

"அணு உலைக் கழிவைப் புதைக்க எடம் பார்க்கிறோம்மா. பாறை வெடிப்புல தண்ணி ஓடுனா இந்த எடம் ஆகாது."

"எம்புட்டு நாளைக்குப் புதைப்பீக?"

"பத்தாயிரம் வருஷம்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிணறு வெட்டும்போது தண்ணீர் ஊற பாறையில் ஒரு வெடிப்பாவது வராதா என்று ஏங்கியவள் அவள். இவர்களோ வெடிப்பே கூடாது என்கிறார்கள். முழுப் பாறை வந்தால் மகிழ்வதா, பயப்படுவதா?

பிறகு, பாறைக்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க, துளைக்குள் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார்கள். கெடுதல் இல்லாத சாயம்தானாம். சுற்றியிருந்த ஆறு கிணறுகளைத் தினமும் பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பு. பதினெட்டாம் நாள் காலையில் அவள் கிணற்று வாளியிலேயே இளம்பச்சை தெரிந்தது. பாசியோ என்று வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தாள். பாசி இல்லை.

"சொல்லாதக்கா," என்றான் தம்பி சோணை. "சொன்னா நம்ம தண்ணிய ஒருத்தரும் தொடமாட்டாக. ஒனக்கும் சோலி போயிரும்."

"சொல்லாட்டி இங்கனயே புதைச்சிருவாகளேடா!"

"புதைச்சா ஊருக்கே வேலை கெடைக்கும்ங்கிறாக."

இரண்டும் சரியாகத்தான் பட்டது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நடந்தவள், பாதி வழியில் கீழே கொட்டிவிட்டாள். சற்று நின்றாள். திரும்பிப் போய் மறுபடி மொண்டு வந்து ராஜாராமிடம் கொடுத்தாள்.

வெயிலில் தூக்கிப் பார்த்த அவர் முகம் மலர்ந்தது. இடம் ஆகாது என்று தெரிந்தால் இவருக்கு ஏன் சந்தோஷம்? அதுவும் விளங்கவில்லை.

அடுத்த வாரமே துளையை சிமெண்டால் அடைத்து, மெஷினை லாரியில் ஏற்றினார்கள்.

"எங்க கிணத்தாலதான் போறீகளாய்யா?"

"முடிவு மேல இருக்கிறவங்க எடுக்கிறதும்மா."

"திரும்பி வருவீகளா?"

"தெரியலம்மா."

இரண்டு மாதம் அவள் கிணற்றுக்கு ஒருவரும் வரவில்லை. அவள் மட்டும் அதையே குடித்தாள். பச்சை தெளிந்த பிறகு ஒவ்வொருவராகக் குடத்தோடு வந்தார்கள். ராக்கு ஜீப்பேறி போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகத் தொடங்கினாள். கூட வேலை பார்த்த செல்லத்தாய் ஒருநாள், "நீ செஞ்சது நல்லதா கெட்டதாடி?" என்று கேட்டாள்.

"யாராச்சும் வந்து சொன்னாத்தானே தெரியும்," என்றாள் ராக்கு.