வாசல் எந்தப் பக்கம்?

1991-ல நடந்தது இது. அப்ப சுங்குவார்சத்திரத்துல மெயின் ரோட்டோரமா பஞ்சர் கடை போட்டுருந்தேன். படிப்பு சுத்தமா கெடையாது. ஒரு தபா மழைக்கு பள்ளிக்கூடத்துல ஒதுங்குனேன், அப்பவும் வாத்தியாரு வெளிய தள்ளிட்டாரு. அந்த வருசம்தான் முதியோர் வகுப்புல கையெழுத்து போடக் கத்துக்கினேன். அதுலேர்ந்து ஒரே திமிரு. ஒட்டுற டியூபுல கூட என் பேர எழுதித்தான் குடுப்பேன்.

ஒரு நாள் காலையில ஏட்டு ஒருத்தரு வண்டிக்கு காத்தடிக்க வந்தாரு. ரெண்டு பேப்பர நீட்டி, சாட்சிக் கையெழுத்து போடுறியான்னாரு. ரெண்டாவது பேப்பர் வெத்துப் பேப்பர். எதுக்குன்னு நான் கேக்கல. இன்னும் ஒண்ணு போடட்டுமான்னுதான் கேட்டேன்.

நாலு மாசம் கழிச்சு கோர்ட்டுலேர்ந்து சம்மன் வந்துச்சு. யாரோ ஒருத்தரோட பம்புசெட் மோட்டரு காணாப் போயிருக்கு. அத வல்லம் வடகால்ல ஒரு கூலிக்காரன் வூட்டுக்குப் பின்னால, வெக்கப்போருக்குள்ளேர்ந்து போலீசு எடுத்தாங்களாம். எடுக்கும்போது நான் பக்கத்துலயே நின்னேனாம். அந்த வூட்ட இல்ல, அந்த ஊரயே நான் பாத்தது கெடையாது. ஏட்டுகிட்ட சொன்னேன். அவரு கோவமே படல. "உன் கடை ரோட்டு பொறம்போக்குல கீது, தெரியுமில்ல?"ன்னாரு. தெரியும்னேன்.

கூண்டுல ஏறுனேன். சர்க்கார் வக்கீலு கேட்டதுக்கெல்லாம் ஆமாங்க, ஆமாங்கன்னு தலையாட்டுனேன். குத்தவாளின்னு நின்னவனுக்கு வக்கீலு வெக்க வக்கில்ல. சாட்சிய எதுனா கேக்கணுமான்னு ஜட்ஜய்யா அவனையே கேட்டாரு. ஒல்லியா இருந்தான், கைய கட்டிக்கினு நின்னான். ஆனா கேள்விய நல்லா யோசிச்சு வெச்சுக்கினு வந்திருந்தான்.

"அண்ணே, என் வூட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்துகினு கீதுன்னு சொல்லுங்கண்ணே."

தெரியாதுங்கன்னு சொன்னா முடிஞ்சுது. பின்னாடி ஏட்டு என்னையே பாத்துக்கினு நிக்கிறாரு. அப்பத்தான் இந்தப் பாழாப்போன வாயி தொறந்துச்சு.

"ஐயா, திருடன் வூட்டுக்கு எல்லாப் பக்கமும் வாசலுதாங்க."

கோர்ட்டே சிரிச்சுது. வக்கீலுங்க சிரிச்சாங்க, டைப் அடிக்கிறவரு சிரிச்சாரு. ஜட்ஜய்யாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு, அப்பால என்னைய அதட்டுனாரு. வேற எதுனா கேக்கணுமான்னு மறுபடி அவனக் கேட்டாரு. அவன் சுத்தியும் பாத்தான். வாயத் தொறந்தான், மூடிக்கினான். "இல்லீங்க சாமி"ன்னான்.

வெளிய வந்தா டீக்கடையில நான் சொன்னதையே சொல்லிச் சொல்லி சிரிக்கிறாங்க. எனக்கும் பெருமதான், பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஏட்டு காத்தடிக்க வந்தப்ப, அவனுக்கு ஒரு வருசம் போட்டுட்டாங்கன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் சோறு எறங்கல.

ஞாயித்துக்கெழம சைக்கிள எடுத்துக்கினு வல்லம் வடகாலுக்குப் போனேன். விசாரிச்சு அந்தக் குடிசைய கண்டுபுடிச்சேன். வாசல் கெழக்கால பாத்துகினு கீது. சுத்திப் போயி பாக்கலாம்னா வழி இல்ல. மாதா கோயில் மதிலத்தான் பின் செவுரா வெச்சு அந்தக் குடிசைய கட்டியிருக்கான். வூட்டுக்குப் பின்னாலன்னு ஒரு எடமே கெடையாது. வெக்கப்போரு இன்னா, ஒரு கட்டு வைக்கோலு கூட வெக்க முடியாது. அவன் அடுத்ததா இன்னா கேக்க இருந்தான்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

அவன் பொண்டாட்டி வெளிய வந்துச்சு. "கோர்ட்டுலேர்ந்து வரீங்களாண்ணா? அவர எப்ப வுடுவாங்க?"ன்னு கேட்டுச்சு. வூடு மாறி வந்துட்டேம்மான்னு சொல்லிட்டு சைக்கிள திருப்புனேன்.

ஜட்ஜய்யாகிட்ட போயி உண்மைய சொல்லலாம்னு எத்தினியோ நாளு கெளம்புனேன். போகல. கடை போயிடும்னு பயம். அவன் ஒரு வருசமும் உள்ளதான் இருந்தான்.

இப்பவும் நான் எதுனா சொல்லி நாலு பேரு சிரிச்சா, சிரிக்காம எவனாவது வாய மூடிக்கினு நிக்கிறானான்னுதான் என் கண்ணு மொதல்ல தேடுது.