பால் காய்ச்சுன அன்னைக்குச் சொன்ன பேரு

இது கதை இல்ல. 1998-ல, கோவில்பட்டியில, பட்டப்பகல்ல எனக்கு நடந்தது. நம்பாதவங்க நம்ப வேண்டாம். அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல படுத்துக் கிடந்தது நான், நீங்க இல்ல.

என் பேரு வள்ளித்தாய். சாயல்குடிப் பக்கம் ஊரு. எங்கப்பா, அய்யான்னுதான் கூப்பிடுவேன், ஊரு ஊராப் போய் வயக்காட்டுல ஆட்டுக்கிடை போடுறவரு. மூணு வருசக் காலேஜ் படிப்புக்குள்ள நான் மாத்துன இடம் கொஞ்சநஞ்சமில்ல. சொந்தக்காரக வீட்டுல இருந்தேன், அவிய மருமகளுக்கு என்னைப் பிடிக்கல. லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போனேன், கடைசி வருசம் தண்ணி இல்லன்னு இழுத்து மூடிட்டாக. பரீட்சை நெருங்கிட்டு. அய்யா முடிவாச் சொல்லிட்டாரு: "இன்னொரு வீடு தேடணும்னா, படிச்சது போதும். ஊருக்கு வந்துரு."

அப்பத்தான் தீபலட்சுமி வந்தா. என் வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டிக் கம்பெனி, நடத்துறவக வீட்டுப் பொண்ணு.

"எங்க பின்தெருவுல ஒரு வீடு சும்மா கெடக்குட்டி. நீ இரு. அட்வான்ஸ் எல்லாம் வேண்டாம்."

எனக்கு அழுகையே வந்துட்டு. கூடப்பிறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா.

குடிபோன அன்னைக்குப் பால் காய்ச்சுனோம். அடுப்பை நான்தான் பத்த வைக்கணும்னா தீபா. அதுவும் அடுப்படியில இல்ல, உள் ரூம்ல, ஒரு சுவத்து முன்னால. சூடம் ஏத்தி, "சாயல்குடி வள்ளித்தாய், மக நட்சத்திரம், வந்திருக்கா. ஏத்துக்கிடுங்க"ன்னு சத்தமாச் சொன்னா. சாமிகிட்டச் சொல்லுதான்னு நெனச்சேன். என் நட்சத்திரம் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காளேன்னு பூரிச்சுப் போனேன். காய்ச்சுன பாலை அவ குடிக்கல. விரதம்னா.

அந்தச் சுவத்துல ஒரு கதவளவுக்குப் புதுப் பூச்சு. பங்குனி வெயில்லயும் ஈரமாவே இருந்துச்சு. கை வச்சா சில்லுன்னு இருக்கும்.

"ராத்திரி துணைக்கு நான் வந்து படுத்துக்கிடுதேன்"னு சொன்னவ ஒரு நாள்கூட வரல.

ஸ்டடி லீவு. மத்தியானம். கரண்ட் இல்ல. தெருவுல ஒரு காக்காகூட இல்ல. காலண்டர் மாட்டலாம்னு அந்தப் பூச்சுல ஒரு ஆணி அடிச்சேன். நிக்கல. பிடுங்கிட்டேன். சின்னதா ஒரு ஓட்டை விழுந்துச்சு. விட்டுட்டுச் சாப்பிட உக்காந்தேன்.

சரக்... சரக்...

வரிவரியாப் பள்ளம் போட்ட கட்டையில தீக்குச்சி அடுக்குற சத்தம். கோவில்பட்டியில எந்த வீட்டுலயும் கேக்குறதுதான். பக்கத்து வீட்டுல அடுக்குறாக போலன்னு ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

அப்புறந்தான் உறைச்சுது. சுவத்துக்கு அந்தப் பக்கம் வீடே இல்ல. வெறும் கரிசல் பொட்டல்.

சரக்...

சத்தம் நின்னுச்சு. தட்டுக்குப் பக்கத்துல ஏதோ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தேன். தீக்குச்சி. மருந்து முக்காத வெறுங்குச்சி.

நிமிந்தேன்.

ஓட்டைக்குள்ள இருந்து இன்னொரு குச்சி மெதுவா... மெதுவா... வெளிய வந்துச்சு.

விழுந்துச்சு.

அடுத்து ஒண்ணு.

"வள்ளித்தாயி..."

பொம்பளைக் குரல்.

"சாயல்குடி... மகம்..."

ஓடுனேன்.

எச்சிக்கையோட தீபா வீட்டு வாசல்ல போய் நின்னேன். அவ வெளிய வந்தா. என்னட்டி ஆச்சுன்னு கேக்கல. என் முகத்தைக்கூடப் பாக்கல. எனக்குப் பின்னால பாத்தா.

"தனியாத்தான வந்தே?"

அந்த ஒரு கேள்வியிலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. அடிப்பாவி, இவளுக்கு எல்லாம் தெரியும்!

உண்மையைச் சொன்னது அந்தத் தெருவுல வீடு வீடாத் தண்ணி எடுத்து ஊத்துற சோலை அக்கா.

"தீபா அத்தை ஜானகியம்மா அங்கனதான் செத்தா. நாலு மாசம் ஆவுது. கட்டை அடுக்கிக்கிட்டே இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. செத்த நேரம் ஆகாத நட்சத்திரம். வாசல் வழியா எடுத்தா திரும்பி வந்துருவான்னு, சுவத்தை இடிச்சு அது வழியாத் தூக்கிட்டுப் போய், அடைச்சுப் பூசிட்டாக. ஆறு மாசம் வீட்டைப் பூட்டிப் போடணும். தீபா அண்ணன் கல்யாணத்துக்கு வீடு வேணுமே! வேத்தாளு ஒருத்தி பேரைச் சொல்லி அந்தச் சுவத்துகிட்ட ஒப்படைச்சுட்டா, செத்தவ வீட்டை விட்டுட்டு அந்த ஆளைப் பிடிச்சுக்கிடுவாளாம்."

அய்யாகிட்ட நான் மூச்சு விடல. விட்டிருந்தா படிப்பு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். சோலை அக்கா வீட்டு மூலையில தங்கித்தான் பரீட்சை எழுதுனேன். கடைசிப் பரீட்சை முடிஞ்சதும் தீபாவை மறிச்சேன்.

"உன்னைக் கூடப்பிறந்தவளா நெனச்சேனே! ஊருல அத்தனை பேரு இருக்க, ஏன்ட்டி என் பேரு?"

அவ தலையைக் குனிஞ்சா. "உனக்குன்னு கேக்க இங்கன யாரும் இல்லல்லா..."

"மாத்திச் சொல்லு. உங்க அத்தைகிட்ட வேற பேரைச் சொல்லு."

"ஒருக்கா சொன்னா மாத்த முடியாதாம்ட்டி."

அவ அண்ணனும் மதினியும் இப்பவும் அந்த வீட்டுலதான் குடியிருக்காக. ரெண்டு பிள்ளைக. இத்தனை வருசத்துல ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்டதில்லையாம்.

கேக்காது. ஜானகி அத்தை அங்கன இல்ல.