உறை ஊற்றிய மண்

வேலாயுதத்துக்கு வாய் நீளம், வேலையோ தற்காலிகம். சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் ஒரு கல்லூரியின் மண் ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடமாகக் கண்ணாடிக் குப்பி கழுவினார். 1964இல்தான் டாக்டர் நூர்தீன் மனமிரங்கி, "இந்தச் சோதனைய ஒழுங்கா முடிச்சுக் கொடுங்க, நிரந்தரத்துக்கு எழுதுறேன்" என்றார்.

சோதனை இதுதான். அமோனியா உரம் மண்ணை ஒட்டிக்கொண்டு கிடக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிட்டால், அடுத்த மழையோடு ஓடிவிடும். ஒரு தொட்டியில் உயிருள்ள மண், இன்னொன்றில் ஆவியில் அவித்த செத்த மண், இரண்டிலும் அதே உரம். ஆறு வாரம் கழித்துப் பூவாளியால் மழை பெய்வித்து, அடியில் வடியும் நீரில் மருந்து விட வேண்டும். நைட்ரேட் இருந்தால் நீலம் காட்டும்.

மண் அவிக்கும் இயந்திரம் பழுது. மனுஷன் சும்மா இருந்தாரா? மண்ணைக் குவீன்ஸ்டவுன் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மனைவி மங்களம் மார்க்கெட் போன நேரம் பார்த்து, அவளுடைய இட்லிப் பானையில் போட்டு அவித்தார்! திரும்பி வந்தவள் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அடுத்த வீடு. சுவர் மெல்லிசு, என் காது கூர்மை. அவள் பேசாவிட்டால்தான் ஆபத்து.

ஆறு வாரம் கழித்து, செத்த மண்ணின் நீரும் பளிச்சென்று நீலமானது. "அவிச்சீங்களா இல்லையா?" என்று டாக்டர் கத்தினார். போச்சு, நிரந்தரம் போச்சு! வேலாயுதம் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"காய்ச்சின பால் ஆறினா உறை ஊத்துவோம்லா?" என்றாள் மங்களம், முறுக்கைக் கடித்தபடி. "என் பானையத் தொட்டீங்கல்ல? நீங்க அவிச்சு ஆற வச்ச மண்ணுல கறிவேப்பிலைத் தொட்டி மண்ண எடுத்துக் கலந்து விட்டேன்."

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். டாக்டரோ விழுந்து விழுந்து சிரித்தார். செத்த மண்ணில் கொஞ்சம் உயிர்மண் விழுந்ததும் உரம் நகர்ந்ததென்றால், எல்லாம் நுண்ணுயிரின் வேலைதான் என்பது அவர் கணக்கு. "அளவு மட்டும் கேட்டு வாங்க. அது இல்லாம அறிக்கை நிக்காது, உங்க வேலையும் நிக்காது."

அன்று மாலை மாடி முழுக்கக் கேட்கக் கெஞ்சினார். "எத்தனை கரண்டி? நல்லா இருப்ப, சொல்லு!"

"அளவென்ன அளவு? கைப்பக்குவம்தான்."

வேறு வழி? மங்களத்தையே டாக்சியில் கல்லூரிக்கு அழைத்துப் போனார். அவள் அள்ளிப் போடப் போட, டாக்டர் தராசில் நிறுத்தார். மூன்று முறையும் பதினெட்டு கிராம், இம்மி பிசகவில்லை.

அந்த வருடம் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஒரு நிரந்தர இடம்தான் கிடைத்தது. டாக்டர் அதை மங்களத்துக்கு எழுதிவிட்டார். வேலாயுதம் இன்னும் குப்பிதான் கழுவுகிறார். யாரிடம் கொண்டுபோய்ச் சுத்தம் காட்டுகிறார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.