முதல் பெஞ்சில் டிரைவர் தாத்தா

பரீட்சை முடியும்வரை போனைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன், காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்று இங்கே மும்பையில் பத்தாம் வகுப்பு முதல் பரீட்சை. பயத்தில் ஹால் டிக்கெட்டைப் பத்து தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். நரைத்த தலையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவர் உள்ளே வந்தார். சூப்பர்வைசர் என்று நினைத்து ஹாலே எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்!" என்றது.

அவர் பதறிப்போய், "பைட்டோ, பைட்டோ! மை பீ ஸ்டூடண்ட்!" என்று, தானும் மாணவர்தான் என இந்தியில் சொல்லிவிட்டு எனக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்தார்.

தாராவித் தமிழர். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவராம்.

"உங்களுக்குப் பயமா இல்லையா தாத்தா?"

"முப்பது வருசம் இந்த ஊர் டிராபிக்ல பஸ் ஓட்டிருக்கேன், இந்தப் பேப்பருக்கா பயப்படுவேன்? பத்தாவது பாஸ் பண்ணணும்னு சின்ன வயசுலேருந்து ஆசைம்மா. டூட்டில எங்க படிக்க? ரிட்டயர் ஆன மறுநாளே புக்கு வாங்கிட்டேம்லா. பெயிலானா திரும்ப எழுதுவேன்."

எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பெஞ்சில் கை உயர்ந்தது.

"சார், அடிஷனல் ஷீட்!"

அந்த நொடியில் என் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. அடுத்து வரும் கணக்குப் பரீட்சையில் முதல் அடிஷனல் ஷீட் நான்தான் கேட்பேன்.

உங்கள் ஹாலில் இப்படி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது யார்?